பாதத்தில் வரும் மெலனோமாவுக்கு இங்கேயே ஒரு சோதனை நடத்துங்கள்

பெறுநர்: புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்கும், மருத்துவச் சோதனைகளுக்கு அனுமதி வழங்கும் மத்திய, மாநில அரசு அதிகாரிகள், அவர்களுக்கு ஆலோசனை கூறும் நிபுணர் குழுவினர்.

மதிப்பிற்குரியவர்களே,

மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் இந்தியாவில் அரிது, ஆகவே அதற்கான டில் என்னும் செல் சிகிச்சையை (நோயாளியின் கட்டிக்குள் இருக்கும் நோய் எதிர்ப்பு செல்களை எடுத்து வளர்த்துத் திருப்பிச் செலுத்துவது) இங்கே சோதிப்பது தற்போதைய முன்னுரிமைகளில் இல்லை என்று எனக்கு ஒரு பதில் வந்திருக்கிறது. நான் அனுப்பிய மனு பல பக்கம். வந்த பதில் இரண்டு வரி. அந்த இரண்டு வரியை வாங்கி வைத்துக்கொண்டு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. தனி மடலாக மறுபடி எழுதினால் மறுபடியும் இரண்டு வரிதான் வரும் என்பதால், எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நான் திருவாரூர் மாவட்டத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் பாடம் நடத்துகிறவன். என் அக்கா இந்த நோயில்தான் இறந்தார். அவருக்கு இனி எதுவும் செய்வதற்கில்லை. அவருக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்காகக் கேட்கிறேன்.

அக்கா நடவு, களை, அறுப்பு என்று ஆண்டு முழுவதும் சேற்றில் நின்றவர். இடது குதிகாலில் கருப்பாக ஒரு புள்ளி தென்பட்டபோது கால் ஆணி என்றார்கள். மருந்துக் கடையில் கொடுத்த பிளாஸ்திரியை ஒட்டினார். முள் குத்தி உள்ளேயே தங்கியிருக்கும், எருக்கம்பால் வையுங்கள் என்றார் ஒருவர், அதையும் வைத்தார். புண்ணாகி நீர் கசியத் தொடங்கியதும், சர்க்கரை நோய்ப் புண் என்று மருந்து வைத்துக் கட்டி அனுப்பினார்கள். அவருக்குச் சர்க்கரை இருந்தது உண்மை. அதனாலேயே வேறு எதுவாகவும் இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறகு ஒரு தனியார் மருத்துவமனையில் அதை வெட்டி எடுத்தார்கள். வெட்டியதைச் சதைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. அது மறுபடி வளர்ந்து, விளிம்பு தாறுமாறாகப் படர்ந்து, மசியைக் கொட்டியது போல் ஆன பிறகுதான் பயாப்ஸி எடுத்தார்கள்.

பாதத்திலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வரும் இந்த வகைக்கு அக்ரல் மெலனோமா என்று பெயர். வெள்ளை நிறத் தோல் கொண்டவர்களுக்கு வரும் பெரும்பாலான மெலனோமாவுக்கு வெயிலின் புற ஊதாக் கதிர் காரணம். அக்ரல் வகைக்கு வெயிலோடு அப்படிப்பட்ட தொடர்பு இல்லை. தோல் கருத்தவர்களுக்கும் ஆசிய நாட்டவர்க்கும் மெலனோமா வந்தால் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் வருகிறது. 1981இல் இறந்த ஜமைக்கா பாடகர் பாப் மார்லியின் கால் விரல் நகத்தடியில் இருந்தது இதே வகைதான். உலகத்துக்கே தெரிந்த அந்த ஒரு பெயரைச் சொன்னால்தான் இந்த நோயைப் பலருக்கு விளங்கவைக்க முடிகிறது.

குதிகாலில் அகலமாக வெட்டி எடுத்தார்கள். அந்தச் சதையின் நோய்க்குறியியல் அறிக்கை வந்தபோது, உயிரியல் ஆசிரியன் என்பதால் நான் அதை வரி வரியாகப் படித்தேன். கட்டியின் ஆழம், செல் பிளவு எண்ணிக்கை ஆகியவற்றுக்குக் கீழே, கட்டிக்குள் ஊடுருவிய லிம்ஃபோசைட்டுகள் நிறைய உள்ளன என்று ஒரு வரி இருந்தது. நோய் எதிர்ப்பு செல்கள் கட்டியைத் தேடிக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்திருக்கின்றன, ஆனால் வெல்ல முடியாமல் நிற்கின்றன என்பது அதன் பொருள். அந்த வரியைச் சுட்டிக்காட்டி, இதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்று மருத்துவரிடம் கேட்டேன். வெளிநாட்டில் அந்த செல்களை எடுத்து வளர்த்துத் திருப்பிச் செலுத்துகிறார்கள் என்றார். இங்கே, என்று கேட்டேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கையில் இருந்ததை எல்லாம் அக்காவுக்குச் செய்தார்.

பின்னர் தொடை இடுக்கில் நெறி கட்டியது. அறுவை சிகிச்சை முடிந்ததும், எடுத்த நிணநீர் முடிச்சுகளை ஃபார்மலின் ஊற்றிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, பெயர் எழுதிய சீட்டை ஒட்டி, வெளியே உள்ள பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று என் கையில் தந்தார்கள். நோயாளியுடன் வரும் உறவினர்தான் இங்கே இந்த வேலையைச் செய்வது வழக்கம். டப்பாவைத் துணிப் பைக்குள் நிமிர்த்தி வைத்து, ஆட்டோவில் மடியில் பிடித்துக்கொண்டு போனேன். கோழி முட்டையளவு இருந்தது பெரிய முடிச்சு. வெட்டிய முகத்தில் கருப்பும் சாம்பலும் கலந்திருந்தது. கட்டிக்குள் ஊடுருவிய லிம்ஃபோசைட்டுகள் என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக டில் என்று அழைக்கப்படும் சிகிச்சைக்கு மூலப்பொருள் இத்தகைய சதைதான் என்பது எனக்குப் பிறகுதான் முழுமையாகத் தெரிந்தது. ஃபார்மலினில் போட்டால் அதிலுள்ள செல்கள் இறந்துவிடுகின்றன. நோயைக் கண்டறிய அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு பெரிய சதையில் ஒரு துண்டைக்கூட உயிரோடு வைத்துக்கொள்ள இந்த நாட்டின் பொது மருத்துவமனை ஒன்றில் ஏற்பாடு இருந்திருக்கக் கூடாதா?

முன்னுரிமை இல்லை என்று நீங்கள் ஒதுக்கிய சிகிச்சை என்னவென்று, இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நோயாளியின் கட்டியிலிருந்து ஒரு பகுதியை வெட்டி எடுக்கிறார்கள். அதைச் சில மில்லிமீட்டர் துணுக்குகளாக நறுக்கி, நோய் எதிர்ப்பு செல்களை வளரத் தூண்டும் இன்டர்லூக்கின்-2 என்ற புரதம் சேர்த்த ஊட்டக் கரைசலில் போடுகிறார்கள். துணுக்குகளுக்குள் இருக்கும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் வெளியே ஊர்ந்து வந்து பெருகத் தொடங்குகின்றன. ஏறத்தாழ மூன்று வாரத்தில் அவை கோடிக்கணக்கில் பெருகிவிடும்; அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்தில் ஒரு நோயாளிக்குச் செலுத்தும் அளவு 750 கோடி முதல் 7,200 கோடி செல்கள். அவற்றைச் செலுத்துவதற்கு முன் சைக்ளோஃபாஸ்ஃபமைடு, ஃப்ளூடராபின் என்ற இரு கீமோ மருந்துகளைக் கொடுத்து, உடலில் ஏற்கெனவே இருக்கும் வெள்ளணுக்களைக் குறைத்து, புதியவற்றுக்கு இடம் உண்டாக்குகிறார்கள். செலுத்திய பின் அவை தழைக்க இன்டர்லூக்கின்-2 ஊசி சில தவணைகள் போடப்படுகிறது. அவ்வளவும் நோயாளியின் சொந்த செல்கள். அவற்றின் மரபணுவை யாரும் திருத்துவதில்லை.

இது புதிதாக முளைத்த யோசனையும் இல்லை. அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்டீவன் ரோசன்பெர்க் குழுவினர் 1988இலேயே முதல் முடிவுகளை வெளியிட்டார்கள்: மெலனோமா முற்றிய 20 பேரில் 11 பேருக்குக் கட்டி சுருங்கியது. அதன் பிறகு நிறைய ஆண்டுகள் முறையைச் செப்பனிடுவதிலேயே போயின. இடையில் 2011 முதல் இபிலிமுமாப், 2014 முதல் பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் என்று நோய் எதிர்ப்பாற்றலின் பூட்டைத் திறக்கும் ஊசிகள் வந்து மெலனோமா சிகிச்சையையே மாற்றின. அந்த ஊசிகளும் பலிக்காமல் போனவர்கள்தான் இன்று டில் சிகிச்சையை நம்பி நிற்கிறார்கள்.

அக்காவும் அப்படித்தான் நின்றார். நோய் நுரையீரலுக்குப் பரவியதும் பிராஃப் மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை, ஆகவே அதற்கான மாத்திரைகளுக்கும் வழியில்லை. நிவோலுமாப் போடலாம் என்றார்கள். காப்பீட்டு அட்டையில் அது வராது என்று கவுன்ட்டரில் சொல்லிவிட்டார்கள். மாமா தன் பங்கு நிலத்தை விற்றார். என் மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. முதல் ஸ்கேனில் நுரையீரல் முடிச்சுகள் சுருங்கியிருந்தன. அன்றைக்கு அக்கா மருத்துவமனை வாசலில் பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். அடுத்த ஸ்கேனில் புதியவை முளைத்திருந்தன. இனி டகார்பசின் கொடுக்கலாம் என்றார்கள். அது 1975இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பழைய கீமோ மருந்து.

அக்கா அந்த நிலைக்கு வந்தபோது உலகத்தின் கையில் ஒரு விடை இருந்தது. நெதர்லாந்துப் புற்றுநோய் நிறுவனத்தின் ஜான் ஹானென் குழுவினரும் டென்மார்க்கின் ஹெர்லெவ் மருத்துவமனைக் குழுவினரும் சேர்ந்து நடத்திய மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு 2022 டிசம்பரில் வெளிவந்தது. 168 நோயாளிகள். பாதிப் பேருக்கு டில், பாதிப் பேருக்கு இபிலிமுமாப். இவர்களில் 86 சதவீதம் பேர் நிவோலுமாப் வகை ஊசிக்குப் பலன் தெரியாமல் வந்தவர்கள். டில் பெற்றவர்களில் 49 சதவீதம் பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. மற்றவர்களில் 21 சதவீதம். கட்டி முற்றிலும் மறைந்தவர்கள் 20 சதவீதம். மற்ற பிரிவில் 7 சதவீதம். நோய் முற்றாமல் நின்ற காலத்தின் இடைநிலை அளவு 7.2 மாதம், மற்ற பிரிவில் 3.1 மாதம். இந்தச் சோதனைக்கான செல்களை மருந்து நிறுவனம் வளர்த்துக் கொடுக்கவில்லை. மருத்துவமனை, ஆராய்ச்சி நிறுவனங்களின் கூடங்களிலேயே வளர்த்தார்கள். நீங்கள் அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டிய செய்தி என்று நான் நினைப்பது இதைத்தான்.

2024 பிப்ரவரி 16ஆம் தேதி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு லிஃபிலூசெல் என்ற டில் மருந்துக்குத் துரித அனுமதி அளித்தது. மற்ற சிகிச்சைகள் பலிக்காத 73 பேரில் 31.5 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியதை வைத்துக் கிடைத்த அனுமதி அது. அந்த நிறுவனம் அறிவித்த விலை 5,15,000 டாலர். நான்கு கோடி ரூபாய்க்கு மேல். மருத்துவமனைச் செலவு தனி.

அந்த மருந்தை வாங்கித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அது எங்கள் ஊர்க் காலுக்குப் பலிக்குமா என்பதே யாருக்கும் சரியாகத் தெரியாது. என் மனுவில் நான் எழுதியதும் உங்கள் பதிலில் ஒரு சொல்கூடத் தொடாததும் இந்த இடம்தான்.

அந்தச் சோதனைகளில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். வெயிலால் வந்த மெலனோமா உள்ளவர்கள். வெயில் தாக்கிய செல்லில் மரபணுச் சிதைவுகள் ஏராளம். சிதைவு கூடக் கூட, டி செல்கள் அந்நியம் என்று அடையாளம் காண்பதற்கான குறிகளும் கூடும். அக்ரல் வகையில் இந்தச் சிதைவுகள் குறைவு. நிவோலுமாப் வகை ஊசிகளே அக்ரல் வகையில் குறைவாகப் பலிக்கின்றன என்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அப்படியானால் டில் எப்படி? குறிகள் குறைவாக இருப்பதால் இதுவும் தோற்குமா? அல்லது கட்டிக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்ட செல்களைத் தேர்ந்து வளர்ப்பதால் இது மட்டும் ஜெயிக்குமா? ஆம்ஸ்டர்டாமில் உட்கார்ந்து இதற்கு விடை சொல்ல முடியாது. அவர்களிடம் அக்ரல் நோயாளிகள் சொற்பம். நம்மிடம்தான் மெலனோமா என்றாலே கணிசமானோருக்குப் பாதத்தில் இருக்கிறது. அவர்கள் நமக்காகச் சோதித்துச் சொல்வார்கள் என்று காத்திருந்தால், காத்திருப்பு மட்டுமே மிஞ்சும்.

அரிதான நோய் என்கிறீர்கள். லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் ஆண்டுதோறும் இந்த நோய் இங்கே கண்டறியப்படுகிறது. அந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் 140 கோடிப் பேர் வாழும் நாட்டில் அந்தக் குறைவான விகிதமும் ஆயிரக்கணக்கான ஆட்கள்தானே? கால் ஆணி என்று பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, சர்க்கரைப் புண் என்று கட்டுப் போட்டுக்கொண்டு, பயாப்ஸியே இல்லாமல் இறந்துபோனவர்கள் அந்தக் கணக்கில் எங்கே இருக்கிறார்கள்? அக்காவின் முதல் கட்டியை அறுத்து எறிந்த மருத்துவமனையில் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. மறுபடி வளராமல், நேராக நுரையீரலில் வெளிப்பட்டிருந்தால் அவரும் எண்ணப்படாதவர்களில் ஒருவராகத்தான் போயிருப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டில் கூடம் ஒன்றைக் கட்டினால் அது மெலனோமாவோடு நின்றுவிடாது. ரோசன்பெர்க் பணியாற்றிய அதே நிறுவனம் 2015இல், முற்றிய கருப்பை வாய்ப் புற்றுநோய் உள்ள ஒன்பது பெண்களுக்கு இதே முறையில் சிகிச்சை அளித்த முடிவை வெளியிட்டது. மூவருக்குக் கட்டி சுருங்கியது; அவர்களில் இருவருக்கு முழுமையாக மறைந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் இந்தியாவில் 2022இல் மட்டும் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் புதிதாக வந்ததாகவும், 80,000 பேர் வரை அதனால் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய்க் கணிப்பு சொல்கிறது. அதையும் அரிது என்பீர்களா? அதே அறை, அதே இன்குபேட்டர்கள், அதே பயிற்சி பெற்ற ஆட்கள். மெலனோமாவில் கைபழகியவர்கள் நாளை அந்தப் பெண்களுக்கும் செய்வார்கள்.

நம்மால் முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். மும்பை ஐஐடியும் டாட்டா நினைவு மையமும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி செல் சிகிச்சைக்கு (நோயாளியின் டி செல்களின் மரபணுவை மாற்றித் திருப்பிச் செலுத்துவது) 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. மேல்நாட்டில் மூன்று, நான்கு கோடி ஆகும் சிகிச்சை இங்கே 30, 40 லட்சத்துக்கு வந்தது. அதுவும் ஏழைக்கு எட்டாத தொகைதான், ஆனாலும் பத்தில் ஒரு பங்கு. அது சில ரத்தப் புற்றுநோய்களுக்கானது. கட்டியாக வளரும் புற்றுநோய்களுக்கு உதவாது. கார்-டி முறைக்கு வைரஸைக் கொண்டு செல்லின் மரபணுவையே மாற்ற வேண்டும். டில்லுக்கு அந்த வேலைகூட இல்லை. அதைச் செய்து முடித்தவர்களுக்கு இது எட்டாததாக இருக்க முடியாது.

டாட்டா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் செய்த இன்னொரு காரியமும் என் நினைவில் நிற்கிறது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு நிவோலுமாப் ஊசியின் வழக்கமான அளவை வாங்க நம் நோயாளிகளில் பெரும்பாலோரால் முடியவில்லை. அப்படியானால் 240 மில்லிகிராமுக்குப் பதில் வெறும் 20 மில்லிகிராம் கொடுத்தால் என்ன என்று கேட்டார்கள். கேட்டதோடு நிற்காமல் முறையாகச் சோதனை நடத்தினார்கள். ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள், ஊசி இல்லாத பிரிவில் 16.3 சதவீதம், குறைந்த அளவு ஊசி பெற்ற பிரிவில் 43.4 சதவீதம். எந்த மருந்து நிறுவனமும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்காது. மருந்தைக் குறைத்து விற்பதில் அவர்களுக்கு என்ன லாபம்? நம் மருத்துவர்கள், நம் நோயாளிகளைப் பார்த்ததால் கேட்டார்கள். அக்ரல் மெலனோமாவுக்கும் அப்படி ஒரு கேள்வியைக் கேட்க ஆள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பணமும் அனுமதியும் கொடுக்க வேண்டியவர்கள் நீங்கள்.

டில் சிகிச்சை ஆபத்தானது என்பதையும் அறிந்தே கேட்கிறேன். நெதர்லாந்துச் சோதனையில் டில் பெற்ற ஒவ்வொருவருக்கும் கடுமையான பக்கவிளைவு ஏதேனும் ஒன்று வந்தது. வெள்ளணுக்கள் அடியோடு விழும், தொற்று பிடிக்கும், இன்டர்லூக்கின்-2 போடும்போது குளிர் நடுக்கம் உலுக்கும், ரத்த அழுத்தம் இறங்கும், நுரையீரலில் நீர் கோக்கலாம். சிகிச்சையாலேயே உயிர் போனதும் உண்டு. அமெரிக்க மருந்தின் விவரக் குறிப்பிலேயே அந்த எச்சரிக்கை இருக்கிறது. இதயமும் நுரையீரலும் ஓரளவு தாங்கும் நிலையில் இருப்பவர்களுக்குத்தான் இதைச் செய்ய முடியும். இந்த ஆபத்தெல்லாம் இருப்பதால்தான் கட்டுப்பாடான சோதனை வேண்டும் என்கிறேன். ஒரு நாள் ஏதாவது ஒரு தனியார் மருத்துவமனை விளம்பரம் செய்து, பரிதவிக்கும் குடும்பங்களிடம் காசு வாங்கிக்கொண்டு, கணக்கும் கண்காணிப்பும் இல்லாமல் இதைத் தொடங்கிவிடும். ஸ்டெம் செல் பெயரால் அப்படி நடந்ததை இந்த நாடு பார்த்திருக்கிறது.

நான் சோதனை என்று பேச்செடுத்தபோது உறவினர்கள் சிலர், அக்காவை எலியாக்கப் பார்க்கிறாயா என்று கேட்டார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. அன்றைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 2009இல் பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வு நடந்தபோது, கம்மத்தில் பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளர்களே பல ஒப்புதல் படிவங்களில் கையெழுத்திட்டார்கள். நாடாளுமன்றக் குழு அதைக் கண்டித்தது. 2013இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. அதன் பலனாக 2019இல் புதிய விதிகள் வந்தன. சோதனையில் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தர வேண்டும் என்று அவை சொல்கின்றன. ஏழைகளைக் கேட்காமல் சோதித்தது அநீதி. ஆபத்தை விளக்கினால் புரிந்துகொண்டு, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லக்கூடிய ஏழைக்கு அந்த வாய்ப்பையே தராமல் இருப்பதும் அநீதிதான். அக்கா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். நான் அவருக்கு ஒரு தாளில் வரைந்து காட்டி இந்த சிகிச்சையை விளக்கியபோது, அவர் கேட்ட முதல் கேள்வி, "என் உடம்பில் இருக்கிறதையே எடுத்துத் திருப்பிக் கொடுப்பதற்கு ஏன் தம்பி இவ்வளவு காசு?" என்பது. இரண்டாவது கேள்வி, அது எனக்கு ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அடுத்தவருக்கு உதவுமா என்பது. அவரால் ஒப்புதல் தர முடியாது என்று எந்த நிபுணர் குழு சொல்லும்?

இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அவருக்காகத் தேடினேன். மருத்துவர்களிடம் கேட்டேன், மின்னஞ்சல்கள் அனுப்பினேன். அவரைச் சேர்த்துக்கொள்ள ஓர் இடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து பதில் எழுதிய ஒரு மருத்துவர், வருந்துகிறேன், எங்கள் நாட்டுக் காப்பீட்டில் இருப்பவர்களை மட்டுமே சேர்க்க முடியும் என்று கனிவாக எழுதினார். அந்த மடலை அக்காவிடம் நான் காட்டவில்லை.

இனி எங்கள் கோரிக்கைகளைச் சொல்கிறேன். எங்கள் என்று பன்மையில் எழுதுவதற்குக் காரணம், சென்னையில் சிகிச்சைக்காகத் தங்கியிருந்த விடுதியில் பழக்கமான வேறு சில குடும்பங்களும் இந்தக் கோரிக்கைகளைத் தங்களுடையவை என்று சொல்லியிருக்கின்றன.

முதலாவதும் முக்கியமானதும் இது: நிவோலுமாப் வகை ஊசி பலிக்காமல் போன, முற்றிய மெலனோமா நோயாளிகளுக்கு டில் சிகிச்சைச் சோதனை ஒன்றை முழுவதும் பொது நிதியில் தொடங்குங்கள். அக்ரல் வகை நோயாளிகளை விலக்காமல், அவர்களை மையமாக வைத்து அதை வடிவமையுங்கள். ஒரே மருத்துவமனையில் போதிய எண்ணிக்கை சேராது என்றால், 2012 முதல் இயங்கிவரும் தேசியப் புற்றுநோய் மருத்துவமனைக் கூட்டமைப்பு வழியாகப் பல மருத்துவமனைகளை இணையுங்கள். அரிதான நோயைச் சோதிக்க உலகெங்கும் செய்வது அதைத்தானே. முடிவு தோல்வியானாலும் மறைக்காமல் வெளியிடுங்கள்.

செல் வளர்ப்புக் கூடத்தை அரசு மருத்துவமனை அல்லது பொது ஆராய்ச்சி நிறுவன வளாகத்துக்குள் அமையுங்கள். தென்னிந்தியாவில் ஒன்றாவது இருக்க வேண்டும். உயிருள்ள கட்டி ஒரு நகரத்திலிருந்து இன்னொரு நகரத்துக்குப் போய்ச் சேரும் நேரம் இதில் முக்கியம். பொதுப் பணத்தில் உருவாகும் முறையைப் பின்னர் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைப்பதாக இருந்தால், விலைக்கு உச்சவரம்பு ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

சோதனை தொடங்கும் வரை காத்திராமல் இன்றே செய்யக்கூடிய ஒன்று உண்டு. மெலனோமா அறுவை சிகிச்சை நடக்கும் அரசுப் புற்றுநோய் மையங்களில், நோயாளியின் ஒப்புதலோடு, நோயறிதலுக்குத் தேவையானது போக மிஞ்சும் சதையை உயிரோடு உறையவைத்துப் பாதுகாக்க ஏற்பாடு செய்யுங்கள். அக்ரல் கட்டிகளிலிருந்து டி செல்கள் வளருமா, வளர்ந்தால் கட்டியைத் தாக்குமா என்பதைக் கூடத்திலாவது பார்க்கத் தொடங்கலாம்.

ஒப்புதல் படிவங்கள் நல்ல தமிழில், வாசித்தால் விளங்கும்படி, பக்கவிளைவுகளையும் மரண அபாயத்தையும் மழுப்பாமல் சொல்லட்டும். சோதனையில் சேரும் நோயாளிக்கும் உடன் வருபவருக்கும் தங்குமிடமும் பயணச் செலவும், கூலி வேலை செய்பவர் என்றால் இழக்கும் கூலியும் சோதனையின் செலவுக் கணக்கிலேயே இடம்பெற வேண்டும். இது இல்லாவிட்டால் சென்னைவாசிகள் மட்டும்தான் சேர முடியும்.

மாநில அரசிடம் தனியாக ஒரு கோரிக்கை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடிப் போகும் பணியாளர்களுக்கு உள்ளங்காலையும் நகத்தையும் பார்க்கப் பயிற்சி கொடுங்கள். ஆறாத புண், பரவும் கருப்பு, நகத்தில் அகலமாகும் கருங்கோடு: இவை தெரிந்தால் பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும். பாதத்திலிருந்து அறுத்தெடுக்கும் எந்தக் கருப்புக் கட்டியையும் பரிசோதனைக்கு அனுப்பாமல் எறியக் கூடாது என்று தனியார் மருத்துவமனைகளுக்கும் சேர்த்து உத்தரவிடுங்கள். நோய் குதிகாலிலேயே பிடிபட்டால் மேலே எழுதிய எதுவும் பலருக்குத் தேவைப்படாது.

கடைசியாக, இந்த மடலுக்கு எழுத்து மூலம், காரணங்களோடு, பொதுவெளியில் பதில் தாருங்கள். சோதனை நடத்துவதாக இருந்தால் எந்த நிறுவனம், எவ்வளவு நிதி, எந்த ஆண்டு என்று சொல்லுங்கள். நடத்த முடியாது என்பதுதான் முடிவு என்றால், எந்தக் குழு எந்தக் கூட்டத்தில் அந்த முடிவை எடுத்தது, அக்ரல் வகை பற்றி அங்கே விவாதம் நடந்ததா என்பதைச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்குள் பதில் இல்லையென்றால் இதே கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தனித்தனியாக அனுப்புவோம். எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் வழியாக அவையிலும் எழுப்பச் செய்வோம்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தம்பி,
திருவாரூர் மாவட்டம்